பால் என்று சொன்னாள்

என் மகள் ஐந்து வயதில் சொன்ன முதல் வார்த்தை பால். அதுவரை அழுகையும் சிரிப்பும், கையைப் பிடித்து இழுப்பதும்தான் அவள் பேச்சு.

பம்பாயில், மாட்டுங்காவில் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப்போய்க்கொண்டிருந்தோம். அங்கே மேடம் அவளைக் கண்ணாடி முன் உட்காரவைத்து, மூக்கு, காது என்று தொட்டுத் தொட்டு இந்தியில் சொல்லித்தருவார். அவருக்குத் தமிழ் தெரியாது. "ஏதாவது சொல்ல முயன்றால் உடனே புரிந்துகொள்ளப் பாருங்கள். சொல்லியும் பலனில்லை என்று தோன்றினால் விட்டுவிடுவாள்" என்று என்னிடம் சொல்லியிருந்தார். அது என் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வடாலாவில் ஒரு கல்யாணம். தாராவி வீட்டில் அவளுக்கு இரட்டைச் சடை போட்டு, பூ வைத்து ஊசி குத்திவிட்டு, சேலை மடிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். பின்னால் குரல் கேட்டது.

"பால்."

முகத்தில் சோப்பு நுரையோடு ஓடிவந்தார் என் கணவர்.

"ஏட்டி, கேட்டியா? பால் கேக்கா! நாளைக்கு அரை கிளாஸ் கட்டிங் சாயா கேப்பா பாரு, தாராவிப் பிள்ளைல்லா!"

பாலைக் காய்ச்சி ஆற்றிக் கொடுத்தேன். தட்டிவிட்டாள். சேலையெல்லாம் பால். "பால்!" என்று கத்தினாள். சர்க்கரை போட்டு இன்னொரு டம்ளர் நீட்டினேன். அதையும் தள்ளிவிட்டு, பீரோவில் தலையை மோதத் தொடங்கினாள்.

"ஏங்க, பிடிங்க அவள!"

அவர் வாரி அணைத்துக்கொண்டார். "பால்தான கேட்ட? இந்தா இருக்குல்லா. வேற என்ன வேணும் எங்கம்மைக்கு?"

மறுபடி சொன்னபோது அவளுக்குச் சத்தம் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. மேடம் சொன்னதுபோல விட்டுவிடப்போகிறாள். டம்ளரை வைத்துவிட்டு அவள் கையையே பார்த்தேன். அது காதுக்குப் பின்னால் போய்ச் சடையைப் பிடித்தது.

இந்தியில் பால் என்றால் முடி.

பூவைப் பிய்த்தெடுத்தேன். கொண்டை ஊசியின் முனையில் இருந்த ரப்பர் எங்கோ கழன்று விழுந்திருக்கிறது. கம்பி தோலைக் கிழித்து, காதோரம் ரத்தம். பம்பாயிலேயே பிறந்தவள் நான். காய்கறிக்காரரிடம் இந்தி, ரயிலில் இந்தி. பெற்ற பிள்ளை வாயிலிருந்து மட்டும் தமிழ்தான் வரும் என்று இருந்துவிட்டேன்.

கல்யாணத்துக்குப் போகவில்லை. அடுத்த வகுப்பில் எல்லாவற்றையும் சொன்னேன். "அதற்குப் பிறகு சொன்னாளா?" என்று கேட்டார் மேடம். இல்லை என்றேன்.

இன்னும் சொல்லவில்லை. இன்று காலை சீப்பை எடுத்ததும் இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டாள்.

"சடை வேண்டாமா? சரிம்மா, வேண்டாம்."

சீப்பைக் கீழே வைத்தேன். வைப்பதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.