நடுச்சுவர்

கண்ணாடிக்காரர் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்ததைப் பத்திர எழுத்தரின் மேசைமேல் வைத்தார். எழுத்தர் பிரித்துப் பார்த்தார். புத்தக அளவில் ஒரு கண்ணாடித் துண்டு. விளிம்பு கையைக் கிழிக்காமல் இருக்கத் தேய்த்து மழுக்கியிருந்தது. அதன்மேல் மெழுகுப் பென்சிலால் ஒரு வீட்டின் படம், பக்கத்தில் அடி, அங்குலக் கணக்கு.

“காகிதம் கிடைக்கலையா பெரியவரே?”

“காகிதத்துல எழுதினா தொலைஞ்சு போயிடுதுங்க.”

அவர் கடையில் எல்லா அளவும் வெட்டி மிஞ்சிய துண்டுகளில்தான் இருக்கும். நாற்பத்தாறு வருடமாக அப்படித்தான். ஜன்னல், அலமாரிக் கதவு, மேசைப் பலகை, முடிதிருத்தும் கடைகளின் நீளக் கண்ணாடி. கட்டரை அவர் ஒரே ஒரு முறைதான் இழுப்பார். இரண்டாவது முறை கோடு போட்டால் கண்ணாடி தன் இஷ்டத்துக்கு உடையும் என்று சொல்வார். இடது கையின் பெருவிரலுக்குக் கீழே பழைய வெட்டுத் தழும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். எத்தனை என்று யாராவது கேட்டால், வீட்டுக்கடன் கட்டி முடித்த வருடத்தைச் சொல்லி, அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை என்பார். அவசரம் அதோடு போயிற்றாம்.

அந்த வீட்டைத்தான் இன்று பிரிக்க வேண்டும். முன்பக்கம் கடையும் ஓர் அறையும். பின்பக்கம் சமையலறையும் ஓர் அறையும். நடுவில் குறுக்கே ஒரு செங்கல் சுவர். மற்ற தடுப்பெல்லாம் பலகை. புருஷன் பெண்டாட்டி இருவர் பெயரிலும் வாங்கியது. மனைவி ஆறு வருடத்துக்கு முன் எதுவும் எழுதி வைக்காமல் இறந்துபோனாள். அவளுடைய பாதியில் மகனுக்கும் மகளுக்கும் உரிமை வந்துவிட்டதால், இருவரும் கையெழுத்துப் போடாமல் கண்ணாடிக்காரரால் எதையும் பிரிக்க முடியாது.

முன்பக்கம் மகனுக்கு, பின்பக்கம் மகளுக்கு என்பது அவர் முடிவு. மகன் பேருந்துப் பணிமனையில் மேற்பார்வையாளர், மனைவியோடு வாடகை வீட்டில் இருக்கிறார். மொத்தத்தையும் விற்றுப் பணமாகப் பிரித்துக்கொள்ளலாம் என்பது அவர் கட்சி. மகள் சின்னவள், நாற்பத்தொரு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்குக் காரணம் சொல்லிக்கொண்டிருப்பதையும் நிறுத்திவிட்டாள். கடையில் சட்டம் அடிப்பது, கூலி பேசுவது, அப்பாவுக்குச் சமைப்பது எல்லாம் அவள்தான். வீட்டை விற்றால் அவள் பங்குக்கு வரும் பணத்தில் அந்த ஊரில் ஒரு குளியலறைகூட வாங்க முடியாது. எட்டு மாதம் பேசிப் பேசி மகன் ஒப்புக்கொண்டிருந்தார்.

ஒப்புக்கொண்ட பிறகு முடிதிருத்தும் கடைக்காரர் ஒரு கதை சொன்னார். போன வாரம் கண்ணாடி மாட்டிவிட்டுப் போன பெரியவர், இந்த வாரமும் டேப்போடு வந்து நின்று, எந்தச் சுவரில் மாட்ட வேண்டும் என்று கேட்டாராம். கடைக்காரர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மகன் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து தங்கைக்கு வாரம் ஒரு போன். முதலில் டாக்டரிடம் காட்டுவோம், பத்திரத்தை அப்புறம் வைத்துக்கொள்வோம் என்றார். பின்னால் இருந்து அண்ணி குரலும் கேட்கும்.

அண்ணனுக்குத் தெரியாத ஒன்று மகளுக்குத் தெரியும். ஒரு நாள் காலை அப்பா கடையின் பூட்டைத் திறந்துவிட்டு, ஷட்டரைத் தூக்காமல், சாவியைக் கையில் வைத்துக்கொண்டே இதை எதற்குத் திறந்தோம் என்று அவளைக் கேட்டார். டாக்டர் ஒரு வரி எழுதிவிட்டால் அதற்குப் பிறகு அப்பா போடும் எந்தக் கையெழுத்தும் நிற்காது. அவள் அப்பாவை டாக்டரிடம் கூட்டிப் போகவில்லை. பத்திரத்துக்கு நாள் குறித்தாள்.

எழுத்தர் பழைய பத்திரத்தைப் பிரித்துக் கண்ணாடித் துண்டின் பக்கத்தில் வைத்தார். உதடு அசையக் கூட்டினார். மறுபடியும் கூட்டினார்.

“உதைக்குதே. பத்திரத்துல நீளம் நாப்பத்தெட்டு அடி. நீங்க முன்பக்கம் இருபத்தஞ்சு அடி ஒன்பது அங்குலம், பின்பக்கம் இருபது அடின்னு போட்டிருக்கீங்க. ரெண்டே கால் அடி குறையுது. அகலத்துலயும் ஒன்றரை அடியைக் காணோம்.”

மகன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

“நான் சொன்னேன்ல சார். அப்பாவுக்கு இப்பல்லாம் எதுவும் நிக்கறதில்லை. இன்னைக்கு வேண்டாம். சர்வேயரை வெச்சு அளந்துக்கலாம். அதுக்குள்ள ஒரு டாக்டரையும் பார்த்துட்டு வந்துடறோம்.”

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. மகளுக்குப் பயம் வந்தது அதனால்தான். கோபமாக இருந்தால் பதில் சொல்லலாம். இது அக்கறை மாதிரி இருந்தது. ஒருவேளை அக்கறையேதானோ என்னவோ. அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா கண்ணாடித் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் எழுதியிருப்பது தன் கையெழுத்துத்தானா என்று யோசிப்பவர்போல் இருந்தது.

எழுத்தர் பேனாவை மூடினார். பதிவாளர் பன்னிரண்டு மணிக்கு நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார், இன்று இல்லையென்றால் அடுத்த நாள் கிடைக்க மூன்று வாரம் ஆகும், யோசித்துச் சொல்லுங்கள் என்றார். மணி பதினொன்றே கால்.

“சுவரை எழுதலை,” என்றார் கண்ணாடிக்காரர்.

யாருக்கும் புரியவில்லை.

“கண்ணாடிக்கு நாங்க உள்ளளவுதான் எடுப்போம். இந்தச் சட்டத்துலேருந்து அந்தச் சட்டம். சட்டத்தோட கனம் நமக்கு எதுக்கு? வீட்டையும் அப்படியே அளந்துட்டேன் போல. சுவருக்குச் சுவர்.” டேப்பைப் பிடிப்பதுபோல இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். “எல்லாம் ஒன்பது அங்குலச் சுவர். நீளவாட்டத்துல முன்சுவர், நடுச்சுவர், பின்சுவர். மூணு. கூட்டிப் பாருங்க.”

எழுத்தர் பேனாவைத் திறந்தார். மூன்று ஒன்பது இருபத்தேழு. இரண்டே கால் அடி. அகலத்துக்கு இரண்டு பக்கச் சுவர், பதினெட்டு அங்குலம், ஒன்றரை அடி. பழைய பத்திரத்தோடு அங்குலம் பிசகாமல் பொருந்தியது. அவர் கண்ணாடித் துண்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, தன் இருபத்திரண்டு வருட சர்வீஸில் சுவரே இல்லாத வீட்டை இப்போதுதான் பார்ப்பதாகச் சொன்னார்.



அப்படியானால் சுவர் யாருக்கு என்று எழுத்தர் கேட்டார். வெளிச்சுவர்களில் பிரச்சினை இல்லை, அவரவர் பக்கம் அவரவருக்கு. நடுச்சுவரைப் பொதுவாக மையத்தில் கோடு போட்டு ஆளுக்கு நாலரை அங்குலம் என்று எழுதுவதுதான் வழக்கம் என்றார். மகன் உடனே சரி என்றார். கொஞ்சம் அதிகமாகவே உடனே.

“பாதிச் சுவர் நிக்காது,” என்றார் கண்ணாடிக்காரர். “நடுச்சுவர் முழுசும் பொண்ணுக்கு.”

“அப்ப எனக்கு?”

“உனக்கு இருபத்தஞ்சு அடி ஒன்பது அங்குலம் இருக்குடா.”

“அதில்லப்பா. அவளுக்கு முழுச் சுவர், எனக்கு ஒண்ணும் இல்லைன்னா என்ன அர்த்தம்? பிரிக்கறதுன்னா சரிசமமாப் பிரிக்கணும். மாமனார் வீட்டுல கேட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்?”

“மாமனாருக்கும் சேர்த்தா இந்த வீட்டை வாங்கினேன்?”

எழுத்தர் மேசையைப் பார்த்துக்கொண்டு இருமினார். மகள் எழுந்து நின்றாள், பிறகு எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் உட்கார்ந்தாள். பாதிச் சுவரே போதும் அப்பா என்று சொல்லிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அண்ணன் எழுந்து வெளியே போனால் திரும்ப மாட்டார். வாயைத் திறப்பதற்குள் அப்பா பேசினார்.

“நீ முன்பக்கத்தை இடிச்சு மாடி எடுப்பே. எடுக்கணும். நான் உன் வயசுல இருந்தா அதைத்தான் செய்வேன். இடிக்கறவன் கோடு பார்த்து இடிக்க மாட்டான், கடப்பாரை எங்க போகுதோ அங்க போகும். அன்னைக்கு இவ தூங்கற ரூமு நிக்கணும். உன் பக்கம் நீ புதுசா ஒரு சுவர் எழுப்பிக்கோ. உங்கிட்ட சம்பளம் இருக்கு.”

மகன் தலையைக் குனிந்துகொண்டார். மாடி எடுக்கும் யோசனையை அவர் இன்னும் அப்பாவிடமோ தங்கையிடமோ சொல்லியிருக்கவில்லை. மனைவியிடம் மட்டும் பேசியிருந்தார். காண்ட்ராக்டர் ஒருவர் வந்து தெருவிலிருந்தே பார்த்துவிட்டுப் போயிருந்தார். கடைக்குள் கட்டரோடு நின்றிருந்த கிழவர் அதைப் பார்த்திருக்கிறார். மகன் இப்போது கைக்கடிகாரத்தைக் கழற்றி மறுபடி கட்டிக்கொண்டார்.

“எழுதுங்க சார்,” என்றார்.

எழுத்தர் எழுதினார். பெரியவர் உயிரோடு இருக்கும்வரை பின்பக்கத்தில் இருந்துகொள்ளலாம் என்ற வரியையும் சேர்த்தார். எழுதி முடிக்க மணி பதினொன்று நாற்பது. கையெழுத்துக்கு முன்னால் சில கேள்விகள் கேட்க வேண்டும், உள்ளே பதிவாளர் கேட்பதைத்தான் தானும் கேட்கப்போவதாகச் சொன்னார். சொத்து எங்கே இருக்கிறது. பிள்ளைகள் எத்தனை பேர். யாருக்கு எது. யாராவது மிரட்டி எழுதச் சொன்னார்களா. கண்ணாடிக்காரர் பட்பட்டென்று பதில் சொன்னார். மிரட்டல் கேள்விக்கு, பொண்ணு மிரட்டினதெல்லாம் சாப்பாட்டில் உப்பு கேட்டதற்குத்தான் என்றார்.

“இன்னைக்கு என்ன தேதி பெரியவரே?”

 கண்ணாடிக்காரரின் கண் சுவருக்குப் போனது. அங்கே ஆணி மட்டும் இருந்தது. இந்தக் கேள்வி கேட்கும் நாட்களில் காலண்டரைக் கழற்றி மேசைக்குள் வைத்துவிடுவது எழுத்தரின் வழக்கம். மகள் தன் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள். தேதி அவள் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் எல்லாம் கெடும்.

“அதைப் போடத்தானே உங்ககிட்ட வந்திருக்கேன்,” என்றார் அப்பா.

எழுத்தர் சிரிக்கவில்லை. அவரை ஒரு பார்வை பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு மகன் பக்கம் திரும்பினார்.

“உங்களுக்கு ஏதாவது சொல்லணுமா?”

 மகன் அப்பாவின் முகத்தைப் பார்த்தார். அப்பா சுவரில் இருந்த ஆணியிலிருந்து இன்னும் கண்ணை எடுக்கவில்லை. மகன் கையை நீட்டினார்.

“பேனாவைக் கொடுங்க. மணி ஆகுது.”

பதிவாளர் அறைக்குள் பத்து நிமிடம்தான். அதிகாரி பெயரையும் சம்மதத்தையும் கேட்டார், வேறு எதுவும் கேட்கவில்லை. மூன்று பேரும் கையெழுத்துப் போட்டு விரல் வைத்தார்கள்.

வெளியே வந்ததும் கண்ணாடிக்காரர் மையைக் கழுவ முற்றத்துக் குழாய்க்குப் போனார். அண்ணனும் தங்கையும் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் நின்றார்கள்.

“அவருக்குத் தேதி தெரியலை,” என்றார் அண்ணன்.

“தெரியலை.”

“எவ்வளவு நாளா?”

“மூணு மாசம் இருக்கும். சில நாள் சாவியை வெச்சுக்கிட்டு நிக்கறார். சில நாள் என்னைவிடத் தெளிவா இருக்கார்.”

“டாக்டர்கிட்ட ஏன் கூட்டிட்டுப் போகலை?”

பொய் சொல்ல நேரம் இருந்தது. அவள் சொல்லவில்லை.

“இந்தக் கையெழுத்து முடியட்டும்னு இருந்தேன்.”

அவர் அலுவலகக் கதவைத் திரும்பிப் பார்த்தார். பன்னிரண்டு அடிக்க இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. அதிகாரி நாற்காலியில்தான் இருந்தார். அவளும் அந்தக் கதவைப் பார்த்தாள். அண்ணன் போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பதிவு நின்றுவிடும். அவளால் தடுக்க முடியாது, தடுக்கவும் தோன்றவில்லை. குழாயடியில் அப்பா பெருவிரலைக் கல்லில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். மை போகவில்லை போலிருக்கிறது, விடாமல் தேய்த்தார்.

“மூணு மாசம் அவரைச் சும்மா வெச்சிருந்திருக்கே,” என்றார் அண்ணன்.

“ஆமாண்ணா.”

“நான் கத்துவேன்னு தெரியும்ல?”

“கத்து.”

அவர் கத்தவில்லை. சட்டைப்பையில் இருந்த வண்டிச் சாவியை எடுத்தார், மறுபடி அதிலேயே போட்டார்.

“வியாழக்கிழமை எனக்கு லீவு. பத்து மணிக்கு வர்றேன். மூணு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

“எட்டுக்கு வா. பத்து மணிக்குப் போனா டோக்கன் தீர்ந்துடும்.”