சுவரைப் பார்த்து மாட்டிய டிரம்

தோலை அடுப்புச் சூட்டில் காட்டினால் ஒரு வாடை வரும்... ஆட்டுத்தோலும் கரிப்புகையும் கலந்த வாடை. டிசம்பர் குளிரில், விடியற்காலையில் எங்கள் லைனில் அந்த வாடை அடித்தால் பெத்ரு அண்ணன் டிரம்முக்குச் சூடு காட்டுகிறார் என்று அர்த்தம்.

சிகந்தராபாத் ரயில்வே குடியிருப்பு லைனில் அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். ரயில்வே பேண்டில் டிரம் அடிக்கிறவர். சொந்த ஊர் மணிலா. கப்பல் கப்பலாக வாசித்துக்கொண்டே மெட்ராஸ் வந்து, எங்கள் வேலூர்ப் பக்கத்து ஆரோக்கியம் அக்காவைக் கட்டிக்கொண்டு, இங்கே வந்து சேர்ந்தவர்.

எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு மணிலாக் கொட்டை என்று பேர். சும்மா விடுவேனா?

"இன்னாண்ணே, இன்னிக்கு வறுத்ததா, அவிச்சதா?"

"நக்கோ தம்பி, ரெண்டும் வேணாம்... பச்சை!" என்பார். அக்கா அகப்பையைத் தூக்கிக்கொண்டு என்னைத் துரத்தும்.

ஆனால் கிறிஸ்துமஸ் முடிந்து, வருஷம் முடிகிற சமயத்தில் ஒரே ஒரு நாள்... அன்றைக்கு அந்த டிரம் சுவரைப் பார்த்து மாட்டியிருக்கும். அண்ணன் குச்சியைத் தொடமாட்டார்.

அந்தச் சுவரின் இந்தப் பக்கம்தான் என் பாய். அன்றைக்கு விடிகிற நேரம் சுவருக்குள் ஒரு சத்தம் கேட்கும். தோல் தானாக அதிர்கிற மாதிரி, ரொம்ப மெல்லிசாக... கூட்ஸ் போகிறது என்று புரண்டு படுப்பேன். ஒரு வருஷம் எழுந்துபோய்ப் பார்த்தேன். தண்டவாளத்தின் மேல் பனி படிந்திருந்தது. வண்டி எதுவும் வரவில்லை.

அதற்கப்புறம் பாயை எதிர்ச் சுவருக்கு மாற்றிவிட்டேன்.

அடுத்த வருஷம் அதே நாள் விடியலில் ஒரு பெரிய துரை ஸ்பெஷல் ரயிலில் வருவதாக ஆர்டர் வந்தது. பிளாட்பாரத்தில் பேண்டு வாசிக்க வேண்டும். டிரம் இல்லாவிட்டால் பெத்ருவுக்கு வேலையும் இல்லை, வீடும் இல்லை என்று பேண்டு மாஸ்டர் சொல்லிவிட்டார்.

அக்காவுக்கு அப்போது நிறைமாதம்.

"கோயிந்து, நீயாவது சொல்லேன்டா. இந்த வயித்தை வெச்சிக்கினு நான் எங்க போவேன்?"

போய்க் கேட்டேன். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க ஊர்ல ஒரு டாக்டர், தம்பி. கண் டாக்டர். எங்களுக்கு அவர்தான் வீரர். கதை எழுதினார். அதுக்கு ஸ்பெயின்காரங்க அந்த நாள் விடியல்ல சுட்டாங்க."

"அவரா உங்க வீரரு? எங்க ஊர்ல வீரன்னா மீசை வேணும், குதிரை வேணும்ணே!"

அவர் சிரிக்கவில்லை.

"சுடறதுக்கு முன்னாடி பட்டாளத்து டாக்டர் கையைப் பிடிச்சுப் பார்த்தார். நாடி சாதாரணமா ஓடிச்சு. முதுகுல சுடத்தான் ஆர்டர். குண்டு பட்ட உடனே திரும்பினார், தம்பி. முகம் வானத்தைப் பார்க்க விழுந்தார். ஊரே பார்த்துச்சு. நான் பார்க்கல."

"ஏண்ணே?"

"சுட்ட பட்டாளத்துக்கு டிரம் அடிச்சது நான். உன் வயசு எனக்கு. குச்சியையே பார்த்துக்கிட்டு நின்னேன்."

கையை நீட்டினார். "பிடிச்சுப் பாரு." பிடித்தேன். நாடி குதிரை மாதிரி ஓடியது.

எனக்கு எப்போதும் வாய்தான் முந்தும். "நான் அடிக்கிறேண்ணே!"

நான் ரயில்வே ஒர்க்ஷாப்பில் ரிவெட் ஆணி அடிக்கிறவன். எதிரும் புதிருமாக இரண்டு பேர் நிற்போம். என் சம்மட்டி எழும்பும்போது கூட்டாளியின் சம்மட்டி இறங்கும். நடுவில் நிறுத்தினால் கை போய்விடும். அந்தக் கைக்கு டிரம் எம்மாத்திரம் என்று நினைத்தேன்.

என்னை அண்ணனுடைய யூனிபாரத்தில் பார்த்த பேண்டு மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் அதற்குள் ரயில் வருவதற்குக் கைகாட்டி இறங்கிவிட்டது. அண்ணன் வரமாட்டேன் என்றுதான் சொல்லியிருந்தார். ஆனால் வந்தார். கடைசித் தூண் பக்கத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டி, கால்சட்டைப் பைக்குள் கை விட்டபடி நின்றார்.

ரயில் வந்தது. பிளாட்பாரம் முழுக்க வெள்ளை ஆவி. நான் அடிக்க ஆரம்பித்தேன்.

என் ஒவ்வொரு அடிக்கும் நடுவில் இன்னொரு அடி விழுந்தது.

கூட்டாளியின் சம்மட்டி விழுகிற மாதிரி, சரியாக அதே இடைவெளியில்... நான் ஒரு அடி விட்டுப் பார்த்தேன். அது விடவில்லை. குச்சி என் கையில் மேலே தூக்கியபடி இருக்க, கீழே தோல் அதிர்ந்தது. நிறுத்தவும் பயம். தொடர்ந்து அடித்தேன். வேர்வை காலர் வரைக்கும் இறங்கியது.

அப்போது பெத்ரு அண்ணன் மெல்லத் திரும்பினார்.

என்னைப் பார்க்கவில்லை. எனக்கு முன்னால், ஒரு ஆள் நிற்கிற உயரத்தில் எதையோ பார்த்தார். அங்கே ஆவிதான் இருந்தது. கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தார்... பார்வை மெதுவாகத் தரைக்கு இறங்கியது, யாரோ விழுவதைப் பார்க்கிற மாதிரி.

நடுவில் விழுந்த அடி நின்றுவிட்டது.

துரை எதையும் கவனிக்காமல் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார். நான் ஓடிப்போய் அண்ணன் கையைப் பிடித்தேன். கை தண்டவாளம் மாதிரி சில்லென்று இருந்தது. நாடியோ நிதானமாக, சுவர்க் கடிகாரம் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

"பார்த்துட்டேன், தம்பி" என்றார். அவ்வளவுதான்.

அண்ணன் வேலை பிழைத்தது. அக்காவுக்குப் பொங்கலுக்குள் பெண் குழந்தை பிறந்தது. அடுத்த வருஷத்திலிருந்து அந்த நாளிலும் டிரம் அறையைப் பார்த்தே தொங்கியது. சுவரும் வாயைத் திறக்கவில்லை. பாயைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன். அப்புறம் அவர்கள் பம்பாய்ப் பக்கம் போய்விட்டார்கள்...

இப்போது ஸ்டேஷனில் துரையும் இல்லை, பேண்டும் இல்லை. ஒலிபெருக்கி வந்துவிட்டது. முக்குக்கு முக்கு வீரர்கள் படம், மாலை, கோஷம். மீசை வைத்தவர்கள்தான் அதிகம். நான் மணிலாக் கொட்டையைக் கொறித்துக்கொண்டு, அதில் யார் யாருக்கு நாடி எப்படி ஓடியிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு போவேன்.

எங்கேயாவது ஊர்வலத்தில் டிரம் சத்தம் கேட்டால் மட்டும் என் கையை நானே பிடித்து நாடி பார்க்கிறேன். மீசைதான் சரியாக வளரவில்லை, குதிரை இருக்கிறது. உள்ளே நாலுகால் பாய்ச்சலில் ஓடுகிறது...

இருந்தாலும் அண்ணன் மாதிரி திரும்பிப் பார்த்துவிடுகிறேன். அங்கே யாரும் இருப்பதில்லை.