நான் கையெழுத்துப் போடாத பிளான்கள்

டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டை யாரும் திருத்துவதில்லை. ஆர்கிடெக்ட் போட்ட பிளானை மட்டும் ஓனர், ஓனருடைய மச்சினன், மச்சினனுக்குத் தெரிந்த கொத்தனார், போகிற போக்கில் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் என்று எல்லோரும் திருத்துவார்கள். பதினாறு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். முதலில் நாவலூரில் ஒரு கம்பெனி, பிறகு செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு டிபன் கடை மாடியில் சொந்த ஆபீஸ். மாவு அரைக்கிற சத்தத்தில்தான் என் கோடுகள் எல்லாம் போடப்பட்டவை.

காற்று வராத அறையில் தூங்கி எழுந்தவர், நிழல் இல்லாத ஸ்டாப்பிங்கில் பஸ்ஸுக்கு நின்றவர், கதவைத் திறந்தால் பீரோவில் இடிக்கிற வீட்டில் குடியிருப்பவர், இதில் ஏதாவது ஒன்று நீங்களாக இருப்பீர்கள். அப்படியானால் நாம் ஒரே கட்சி. மேலே படியுங்கள்.

கட்டிலும் காலும்

நாவலூர் கம்பெனியில் அடுக்குமாடி வீடுகளுக்கு விளம்பரப் புத்தகம் தயாரிப்பது என் வேலை. படுக்கையறை சின்னது. மேனேஜர் ரமணன் சார் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். படத்தில் கட்டிலை ஐந்தடி நீளத்துக்குப் போடச் சொல்வார். நிஜக் கட்டில் ஆறேகால் அடி. கட்டிலைச் சுருக்கினால் அறை தானாகப் பெரிதாகத் தெரியும். அறைக்கு அளவு மனித உடம்புதான் என்பது காலேஜில் முதல் வாரம் நடத்துகிற பாடம். அதையே தலைகீழாகப் பிடித்து ஆட்களை ஏமாற்றலாம் என்பது வேலையில் முதல் வாரம் கற்றுக்கொண்டது. ஆறு மாதம் நானும் போட்டுக் கொடுத்தேன், மறைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு புருஷன் பெண்டாட்டி வீடு பார்க்க வந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு ஏழாம் மாதம் இருக்கும். கட்டிலுக்குப் பக்கத்தில் தொட்டில் போட இடம் இருக்குமா என்று கேட்டாள். விற்பனைப் பிரிவு ஆள் என் படத்தைக் காட்டி, "பாருங்க மேடம், ரெண்டு தொட்டிலே போடலாம்" என்றார். அவள் விரலால் அந்த இடத்தைத் தடவிப் பார்த்துச் சிரித்தாள். பொய் சொன்னது அந்த ஆள் இல்லை, என் கோடு.

மறுநாள் அடுத்த கட்டடத்துக்கான படம் போட்டேன். சொன்னபடி ஐந்தடிக் கட்டில்தான். ஆனால் ஒவ்வொரு கட்டிலிலும் சரியான அளவில் ஒரு ஆளைப் படுக்க வைத்தேன். எல்லா அறையிலும் எல்லோருக்கும் கணுக்கால் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அச்சுக்குப் போகும் முன் பார்த்துவிட்டார்கள். மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் என்னை நிறுத்தினார்கள். கட்டிலை ஆறேகால் அடியாக்கினால்தான் படம் தருவேன் என்றேன். ரமணன் சார் கோபப்படக்கூட இல்லை. நான் வேலையை விடுவதற்கு முன் அந்த ஆபீஸில் கேட்ட கடைசி யோசனை அவருடையதுதான்: "கட்டில்ல கை வைக்காதம்மா. அந்த ஆளைக் காலை மடக்கிப் படுக்கச் சொல்லு."

ரோட்டைப் பார்த்த சமையலறை

சொந்த ஆபீஸுக்கு முதலில் வந்தவர் செல்வராஜ், ரயில்வேயில் வேலை. கூடவே அவர் மனைவி விக்டோரியா. மனை இருபதடி அகலம், இரண்டு பக்கமும் பின்னாலும் அடுத்த வீட்டுச் சுவர். காற்றும் வெளிச்சமும் வருவதற்கு இருந்தது ரோட்டுப் பக்கம் ஒன்றுதான். அந்தப் பக்கம் முழுவதும் ஹால் வேண்டும், சமையலறையை நடுவில் போட்டுவிடுங்கள் என்றார் செல்வராஜ். காற்றுக்கு? "எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டிக்கலாம்." சமைப்பவரைக் கேட்போமே என்று விக்டோரியாவைப் பார்த்துக் கேட்டால், "அவளுக்கு அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்று அதற்கும் இவரே பதில்.

அடுத்த முறை சமையலறையை ரோட்டைப் பார்த்து வைத்து, பெரிய ஜன்னல் போட்டு, ஹாலைப் பாதியாக்கிக் காட்டினேன். மனிதர் எழுந்தே நின்றுவிட்டார். "வூட்டுக்கு வர்றவன் முதல்ல அண்டாவையும் குண்டாவையுமா பாக்கணும்?" என்று கத்தினார். நானும் விடவில்லை. அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டுக்குப் போனேன். அங்கேயும் ஜன்னல் இல்லாத சமையலறை. மேடை உயரம், அலமாரி ஆழம் எல்லாம் அளக்க வேண்டும், டேப்பின் அந்த நுனியைப் பிடியுங்கள் என்று செல்வராஜை உள்ளே நிறுத்தினேன். விக்டோரியா தன் பாட்டுக்கு மிளகாயை வறுத்துக்கொண்டிருந்தார். சித்திரை மாதம், மத்தியானம் பன்னிரண்டு மணி. பத்து நிமிடத்தில் கண்ணும் மூக்கும் ஒழுக வெளியே ஓடிவந்தவர், டேப்பைக் கீழே போட்டுவிட்டு, "சரிம்மா, உன் இஷ்டத்துக்குப் போடு" என்றார்.

வீடு முடிந்து பால் காய்ச்சிய அன்று வந்திருந்த உறவுக்காரப் பெண்மணி ஒருவர், என்ன விக்டோரியா, சமையலறை போய் தெருவில் இருக்கிறதே என்று முகத்தைச் சுளித்தார். ஜன்னல் பக்கம் நின்று கிளாஸ்களில் ஊற்றிக்கொண்டிருந்த விக்டோரியா திரும்பாமலே சொன்னார்: "இருபத்திரண்டு வருஷம் செவுத்தைப் பாத்துகினு சமைச்சேன். இனிமே தெருவைப் பாக்கப் போறேன், பிடிக்காதவங்க அந்தப் பக்கமா போவட்டும்."

மூன்று மணி நிழல்

வேடந்தாங்கல் போகிற ரோட்டில் ஒரு ரைஸ் மில் முதலாளி, அப்பா பெயரில் பஸ் நிழற்குடை கட்டித்தர முன்வந்தார். நல்ல மனசு. ஆனால் அவர் காட்டிய இடத்தில் கட்டினால் முகம் மேற்கே. மூன்று மணி வெயில் நேரே உள்ளே வந்து உட்காரும், ஆட்களுக்கு இடம் இருக்காது. பக்கத்திலேயே ஒரு பெரிய புங்க மரம். மரத்துக்குப் பின்னால் தள்ளிக் கட்டலாம், நிழலோடு நிழல் சேரும் என்றேன். பெயர்ப் பலகை மறைந்துவிடும் என்றார் அவர். அப்படியானால் மரத்தை எடுத்துவிடலாமா என்றும் கேட்டார். மரத்தை எடுக்கிற பிளானில் என் பெயர் இருக்காது என்று பேப்பரைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். வேறு ஒருவரை வைத்து அதே இடத்தில் கட்டினார். மரம் நெடுஞ்சாலைத் துறையுடையது என்பதால் தப்பித்தது.

மறு கோடையில் அந்தப் பக்கம் வண்டியில் போனேன். பளபளவென்று ஸ்டீல் நிழற்குடை, உள்ளே ஈ காக்கை இல்லை. அத்தனை பேரும் புங்க மரத்தடியில். அவர்களுக்கு நடுவே, கார் ரிப்பேருக்குப் போய்விட்டதால், முதலாளியும். என்னைப் பார்த்ததும் பஸ் வருகிற திசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாற்று நடவு முடித்து வந்த ஒரு அம்மா, காலில் சேறு காயாமல் நின்றவர், பலகையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னார்: "பேரு அங்க காயுது, ஆளு இங்க கீறாரு."

காலி இடம்

கோவளத்தில் கடலோரம் ஒரு ஓட்டல். அதை விரிவாக்குகிறோம், வேலியைத் தாண்டி இருக்கிற மணல் திடலில் ஐம்பது கார் நிற்கிற மாதிரி பிளான் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். அவர்கள் கொடுத்த சர்வே படத்தில் அந்தத் திடல் முழுவதும் வெள்ளை. நடுவில் 'காலி இடம்' என்று எழுதியிருந்தது.

கோடு போடுவதற்கு முன் இடத்தைப் பார்ப்பது என் வழக்கம். தொடர்ந்து ஒரு வாரம் காலையிலும் சாயங்காலத்திலும் போனேன். விடிந்ததும் படகுகளை ஏற்றி வைப்பது அங்கேதான். ஏழு மணிக்கு மேல் வலை பிரித்து ஓட்டை தைப்பது. வெயில் ஏறியதும் நெத்தலி காயப் போடுவது. சாயங்காலம் கால்பந்து. திருவிழாவில் மாதா தேர் திரும்புவதும், அம்மன் கோவில் கூழ் ஊற்றுவதும், நோன்பு மாதத்தில் கஞ்சிக்குப் பந்தல் போடுவதும் அதே மணலில்தான். அங்கே கருவாடு காயவைத்து விற்கிற நாகம்மா எது எங்கே நடக்கும் என்று காலால் கோடு கிழித்துக் காட்டினார். என் தொழிலில் பொதுவெளி என்று தடித்த புத்தகம் போடுவார்கள். அந்த அம்மா அதைப் பத்து நிமிடத்தில் நடத்தி முடித்தார்.

அத்தனையையும் அளவோடு ஒரே படத்தில் போட்டேன். வெள்ளையாக இருந்த பேப்பரில் பென்சில் வைக்க இடம் இல்லை. ஓட்டல் அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, "பார்க்கிங் எங்க மேடம்?" என்றார். இதில் இடம் இல்லை, ரோட்டுப் பக்கம் உங்கள் தோட்டத்தில் இருக்கிறது, அங்கே போடலாம் என்றேன். இதையெல்லாம் அழித்துவிட்டுக் கொடுங்கள் என்றார். அழிக்க மாட்டேன் என்றேன். "நீங்க யார் பக்கம்?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்குச் சௌகரியமாகப் போய்விட்டது. வேலையை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, படத்தின் ஒரு பிரதியை நாகம்மாவிடம் கொடுத்தேன்.

கலெக்டர் ஆபீஸில் நடந்த குறை தீர்க்கும் கூட்டத்துக்கு மீனவர் குப்பமே திரண்டு வந்தது. நானும் போனேன். ஓட்டல்காரர்களுடைய படமும் என்னுடைய படமும் மேஜையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. கூட்டம் நடத்திய அரசு அதிகாரி இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார். கடைசியில் கார்கள் ஓட்டலின் சொந்தத் தோட்டத்துக்கே போயின. அதை எழுதி வாங்க எட்டு மாதம் அலைந்தோம். ஆனால் எனக்கு மனதில் நிற்பது கூட்டம் நடந்த அந்த முதல் நாள்தான். நாகம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வெள்ளைப் படத்தின் மேல் விரலை ஊன்றி அந்த அதிகாரியிடம் கேட்டார்: "காலி இடம்னு எழுதிகீறாங்க சார். அப்ப நாங்க இன்னா, காலி ஆளுங்களா?"

முப்பதடி முன்னால் நின்ற தெரு

இது என் ஊர்க் கதை. என் அப்பா அம்மா அடுத்தவர் நிலத்தில் நட்டும் அறுத்தும் என்னைப் படிக்க வைத்தவர்கள். எங்கள் காலனியிலிருந்து பஸ் ஸ்டாப்புக்குப் போக வயலுக்கு நடுவே ஒரு வண்டிப்பாதை. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, வேலை எல்லாவற்றுக்கும் அதுதான் வழி. அந்த வயலை மனைப் பிரிவாக்க வாங்கிய ஒருவர், யாரோ சொல்லி, என் ஆபீஸைத் தேடி வந்தார். நான் அந்த ஊர்க்காரி என்பது அவருக்குத் தெரியாது.

அவர் விரித்த பிளானில் தெருக்கள் எல்லாம் மெயின் ரோட்டிலிருந்து அழகாக வந்து, எங்கள் காலனிக்கு முப்பதடி முன்னால் சட்டென்று நின்றன. அங்கே ஒரு நீளமான மதில். வண்டிப்பாதையைக் காணோம். ஒரு தெரு இன்னொரு தெருவோடு சேர வேண்டும், முட்டுச் சந்தில் யாரையும் அடைக்கக் கூடாது, ஊர் அமைப்பில் இதைவிட அடிப்படையான பாடம் கிடையாது. "ஏன் சார் தெரு இங்க நிக்குது?" என்று கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பக்கம் அவங்க இருக்காங்க மேடம். மனை வாங்குறவங்க யோசிப்பாங்க, உங்களுக்குத் தெரியாததா."

"எனக்கு நல்லாத் தெரியும் சார், அந்த அவங்கள்ல நானும் ஒருத்தி. அந்தப் பச்சைக் கதவு வீடு எங்களுது" என்று அவர் பிளானிலேயே தொட்டுக் காட்டினேன். ஐயோ உங்களைச் சொல்லவில்லை என்றார். என்னைத்தான் சொன்னீர்கள், பரவாயில்லை, உட்காருங்கள், தெருவை இணைத்து வேறு பிளான் போட்டுத் தருகிறேன் என்றேன். அவர் உட்காரவில்லை. வேறு ஆர்கிடெக்டிடம் போனார். அந்த ஆள் கையெழுத்துப் போட்டும் கொடுத்தார்.

பழைய கிராம வரைபடத்தைத் தேடி எடுத்தேன். வண்டிப்பாதை அதில் தெளிவாக இருந்தது. என் அத்தை பெண் கலா தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். ஷிப்ட் முடித்து வந்து வீடு வீடாக ஏறிக் கையெழுத்து வாங்கினாள். கலெக்டர் ஆபீஸில் ஆட்சேபனை கொடுத்தோம். அதற்குள் மதில் எழும்பிவிட்டது. ஒன்றரை வருடம் பிள்ளைகள் ஏரிக்கரையைச் சுற்றிப் பள்ளிக்கூடம் போனார்கள். மழைக்காலத்தில் கலா ஸ்கூட்டரோடு சேற்றில் விழுந்து கை முறித்துக்கொண்டாள். விட்டுவிடு, நமக்கு எதற்கு வம்பு என்று என் வீட்டிலேயே சொன்னார்கள். கட்டுப் போட்ட கையோடு அடுத்த விசாரணைக்கு எனக்கு முன்னால் போய் நின்றவள் அவள்தான்.

உத்தரவு வந்தது. மதிலை இடித்துத் தெருவைச் சேர்த்தார்கள். மறுநாள் காலை கலா புதுத் தெருவில் ஸ்கூட்டரை விட்டாள், பின்னால் நான். மனை வாங்கி அங்கே வீடு கட்டியிருந்த ஒருவர் கேட்டுக்கு வெளியே வந்து கையைக் காட்டி வண்டியை நிறுத்தி, "இந்த வழியா எங்க போறீங்க?" என்றார். கலா ஹெல்மெட்டின் கண்ணாடியை மெதுவாக மேலே தள்ளினாள். "வேலைக்கு. நீங்க?"

இந்தத் தொழிலின் அடிப்படைப் பாடங்கள் அத்தனையும் காலேஜில் ஒழுங்காகத்தான் நடத்தினார்கள், அவற்றை வெளியே எடுத்துச் சொன்னால் பாதிப் பேர் நம்மை வெளியே போகச் சொல்வார்கள் என்பதை மட்டும் நேரம் போதவில்லை என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.