நடைபாதையில் உட்கார்ந்தவர்

எழுபதுகளில், பாண்டி பஜாரில் மாலை வேளைகளில் அவரைப் பார்ப்பேன். ஒல்லியான மனிதர். வெள்ளை வேட்டி, முழங்கைவரை மடித்த சட்டை. கூடவே செம்பட்டை நிற நாட்டு நாய் ஒன்று வரும். அதை அவர் "வாங்க, போகலாம்" என்று மரியாதையாகத்தான் அழைப்பார். கடைக்காரர்கள் சிரிப்பார்கள்.

ஒருநாள் கல்யாண ஊர்வலத்தில் யாரோ சரவெடி கொளுத்தினார்கள். மிரண்ட நாய் அவர் கையிலிருந்த வாரைப் பறித்துக்கொண்டு சாலைப் பக்கம் ஓடியது. பஸ் ஒன்று வேகமாக வந்துகொண்டிருந்தது. நான் கத்திவிட்டேன். அவர் கத்தவில்லை, துரத்தவும் இல்லை. நடைபாதையிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தார். சாலை விளிம்பில் திரும்பிப் பார்த்த நாய் ஒரு கணம் தயங்கியது. பிறகு ஓடிவந்து அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"கூப்பிட்டிருக்கலாமே சார்?" என்றேன்.

"பயந்து ஓடறவங்க காதுல என்ன சார் விழும்? நான் பின்னாடி ஓடினா இன்னும் வேகமா ஓடுவாங்க. உட்கார்ந்தா, இங்க பயமில்லேன்னு புரிஞ்சிக்குவாங்க. வீட்ல இதைத்தான் பழகினோம்."

"உங்களுக்குப் பயமே இல்லையா?"

"இல்லாம என்ன?" என்று கையை நீட்டிக் காட்டினார். விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. அந்த நடுக்கத்தை நாய்க்குத் தெரியாமல் அதுவரை எங்கே வைத்திருந்தார் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.