சிங்கப்பூர் – ஹாங்காங்: டிக்கெட் போட்டவனின் வயிற்றெரிச்சல்

விமான டிக்கெட் போடும் வேலை, பந்தியில் பரிமாறுகிற வேலை மாதிரிதாங்க. பசி நமக்கு, இலை அடுத்தவருக்கு. திருப்பூரில் பதினாலு வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். ஒரு தடவைகூட விமானம் ஏறியதில்லை. உங்களில் யாராவது இப்படி இருந்தால் என் வயிறு எரிவது புரியும்.

நீங்க போனப்ப

முதலிபாளையத்து பனியன் கம்பெனி முதலாளி ஒருவர் ஹாங்காங் கிளம்பினார். கோவையிலிருந்து சிங்கப்பூர், அங்கே மாறி ஹாங்காங்.

“அங்கிருந்து ஹாங்காங் எவ்வளவு தூரமுங்க?” என்று கேட்டார்.

“ரெண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேலங்க. நாலு மணி நேரம்.”

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. அன்று காலை சோமனூரிலிருந்து பஸ்ஸில் ஒற்றைக் காலில் நின்று வந்தவன் நான். கால் இன்னும் கடுத்துக்கொண்டிருந்தது. அவரோ என்னைப் பரிதாபமாகப் பார்த்துக் கேட்டார்: “அத்தனை நேரம் சும்மா உக்கோந்தே இருக்கோணுமா? நீங்க போனப்ப எப்படீங்க சமாளிச்சீங்க?”

ரெண்டரை மணி நேரம்

ஜேசுராணி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இங்கே ஒரு பனியன் கம்பெனிக்குத் தையல் வேலைக்கு வந்தவர். இப்போது சாம்பிள் பிரிவுக்கு அவர்தான் பொறுப்பு. ஹாங்காங்கில் வாடிக்கையாளரிடம் உடுப்புகளைக் காட்டி விளக்க, கம்பெனி அவரையே அனுப்பியது. பாஸ்போர்ட்டைப் புடவைத் தலைப்பில் துடைத்துக் கொடுத்தார். எட்டாவது படித்தவர் பறக்கிறார், பட்டம் வாங்கிய நான் பிரிண்ட் எடுக்கிறேன்.

அந்த எரிச்சலில் கொஞ்சம் மிரட்டினேன். “சிங்கப்பூர்ல இறங்கினதும் கடிகாரத்தை ரெண்டரை மணி நேரம் முன்னால தள்ளி வைக்கோணும். உங்க நாள்ல அவ்வளவும் போச்சு.”

யோசித்துவிட்டுக் கேட்டார்: “திரும்பி வரும்போது அத எங்கிட்டயே தந்துருவாங்கல்லா அண்ணாச்சி?”

ஒரு மணி நேரம் போதுமா

அப்புறம் வந்தது உண்மையான அடி. எங்கள் ஆபீசில் ஒருவருக்கு ஹாங்காங் போய்வர வாய்ப்பு. எனக்குத்தான் என்று வீட்டில் பெட்டிகூடத் துடைத்து வைத்தாயிற்று. முதலாளி ரம்யாவின் பெயரைச் சொன்னார். வேலைக்குச் சேர்ந்து ரெண்டே வருஷம் ஆன பெண்.

“அண்ணா, சிங்கப்பூர்ல மாறுறதுக்கு ஒரு மணி நேரம் போதுமுங்களா?” என்று கேட்டாள். அந்த வாரம் முழுக்கக் கோவை விமானம் தாமதமாகவே போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. எனக்கு அது தெரியும். “தாராளமா” என்றேன்.

மறுநாள் சிங்கப்பூரிலிருந்து அவளுடைய போன் வந்தது. ஹாங்காங் விமானம் போய்விட்டது, அடுத்தது ஆறு மணி நேரம் கழித்து. ஒரு கணம் நெஞ்சு குளிர்ந்தது உண்மை. அடுத்த கணமே, தெரியாத ஊரில் தனியாக விட்டுவிட்டோமே என்று உறைத்தது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவள் கத்தினாள்: “அண்ணா, ஏர்போர்ட்டுக்குள்ளயே பட்டாம்பூச்சித் தோட்டம் வெச்சிருக்காங்க! ஆறு மணி நேரம் பத்தவே பத்தாதுங்க!”

ஒப்புக்கொண்ட அன்று

திரும்பி வந்தவள் எனக்கென்று தனியாக ஒரு சாக்லேட் பெட்டி கொண்டுவந்தாள். அதைத் தொட மனசு வரவில்லை. தெரிந்தே பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டேன். கம்ப்யூட்டர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுதுவிடுவாளோ என்று பயந்தேன்.

பிறகு பெட்டியை என் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னாள்: “அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் சேர்த்துப் பொறாமைப்படுங்கண்ணா, நான் ஊருக்குள்ளயும் போய்ச் சுத்திப் பார்த்துட்டு வந்தர்றேன்.”

பொறாமைக்கும் ஒரு கைராசி வேணும் போலிருக்குங்க. என்னுடையது போகிறவர்களுக்கெல்லாம் நல்லதை மட்டுமே செய்து தொலைக்கிறது.