ஸ்பாஞ்சு சொன்ன சாட்சி

எங்கள் வீட்டில் அகலமான ஆடும் நாற்காலி ஒன்று வருஷக்கணக்காக இருக்கிறது. என் நாற்காலி. அதன் மெத்தையை மாற்ற இன்று பூந்தமல்லியிலிருந்து காதர் பாயை சேக்காட்டில் உள்ள எங்கள் வீட்டுக்கு வரவழைத்தேன்.

பிரவுன் ரெக்ஸின் போதும் என்றேன். அழுக்கு தெரியாது, துடைத்தால் போச்சு. வீட்டம்மா நீலத் துணிதான் வேண்டும் என்றாள்.

"உட்காரப் போறது நான். உனக்கெதுக்கு கலரு?"

அவள் சமையல்கட்டுக்குப் போய்விட்டாள்.

பாய் பழைய துணியைக் கிழித்து ஸ்பாஞ்சை வெளியே எடுத்தார். கையால் தடவினார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அண்ணாத்தே, இதுல நீங்க எப்போ குந்துவீங்க?"

"டெய்லி. கடை மூடிட்டு வந்து அரை மணி நேரம்."

"ரெண்டு பக்கமும் முட்டி அழுந்தின பள்ளம் கீது பாருங்க. யாரோ பகல் பூரா சம்மணம் போட்டு குந்திகினு கீறாங்க. உங்க தொப்பைக்கு சம்மணம்லாம் வராது."

சமையல்கட்டில் சிரிப்புச் சத்தம்.

நான் டைல்ஸ் வியாபாரி. தட்டிப் பார்த்தே தரம் சொல்லிவிடுவேன். என் வீட்டு நாற்காலியில் யார் உட்காருகிறார்கள் என்பது மட்டும் பாய் சொல்லித்தான் தெரிந்தது.

"கலரை உள்ள இருக்கிறவங்க கிட்டயே கேட்டுக்கோங்க பாய்" என்றேன்.

நீலத் துணி போட்டாச்சு. சம்மணத்துக்கு வசதியாக இரண்டு ஓரமும் மெத்தென்று இருக்கின்றன. அவள் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருக்கிறாள். நான் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

உங்கள் நாற்காலி உங்களுடையதுதானா? பிரித்துப் பார்த்தீர்களா?