சீனக்காரரும் எச்சரிக்கைக் கடிதக் கோப்பும்

இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில் நான் கிளாக்கராக இருந்தபோது, எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று தோட்டமே நம்பியது. அந்த நம்பிக்கையைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. உண்மையில் எனக்குத் தெரிந்தது கொப்பி அடிக்க மட்டும்தான். ஆபீஸ் அலுமாரியில் ஒரு தடித்த கோப்பு இருந்தது. எனக்கு முன்பிருந்த கிளாக்கர்மார் அடித்த இங்கிலீஷ் கடிதங்களின் கார்பன் பிரதிகள் எல்லாம் அதில் இருந்தன; முக்கால்வாசி எச்சரிக்கைக் கடிதங்கள். கடிதம் எழுத வேண்டி வந்தால் அதே மாதிரிப் பழைய கடிதம் ஒன்றைத் தேடி எடுப்பேன். பெயரையும் திகதியையும் மாற்றி, தோட்ட மனேஜரான துரையின் கையெழுத்துக்கு வைப்பேன். முன்பிருந்தவரும் இதையேதான் செய்தார் என்பது, அவர் மாற்ற மறந்த பெயர்களிலிருந்து தெரிந்தது.

வடக்கில் சண்டை நடந்த காலம் அது. ஃபெக்டரிக்குச் சீனாவிலிருந்து புது டிரையர் வந்தது. தேயிலை காய வைக்கும் அந்த மெஷினைப் பாகம் பாகமாகப் பூட்ட ஒரு சீனக்காரரும் வந்தார். என்னைவிட நாலைந்து வயது இளையவர். மூன்று மாதத்தில் அவருடைய கம்பெனி கொழும்பில் இங்கிலீஷ் பரீட்சை வைக்கப்போகிறது. பாஸானால் கொழும்பிலேயே வேலை; மனைவியையும் ஆறு வயது மகளையும் அழைத்துக்கொள்ளலாம். ஃபெயிலானால் தனி ஆளாக இன்னும் ஃபெக்டரி ஃபெக்டரியாக அலைய வேண்டும். மகளைப் பார்த்து அப்போதே இரண்டு வருடமாகியிருந்தது.

“கிளாக்கர், நீ சொல்லிக் குடு. ஒனக்குத்தான் நல்லா வருதே” என்றார் துரை.

“சரிங்க தொரை” என்றது வாய். முழங்கால்கள் வேறு கருத்துச் சொல்லின.

முதல் நாளே சீனக்காரர் கட்டம் போட்ட கொப்பியோடு வந்தார். போல்ட், பெல்ட், சூடு, ஈரம் என்று சின்னச் சொற்கள் தன்னிடம் இருக்கின்றன, பரீட்சைக்குப் பெரிய சொற்கள்தான் வேண்டும் என்றார். எனக்கு வியர்த்துவிட்டது. பெரிய சொல்லுக்கு எங்கே போவேன்? கண் தானாக அலுமாரிப் பக்கம் போனது.

அன்றிலிருந்து மத்தியானத் தேத்தண்ணி நேரத்தில் பாடம். காலையிலேயே ஒரு கடிதத்தை எடுத்து, பாதித் தாள்கள் பறந்துபோன என் அகராதியில் அர்த்தம் தேடி வைத்துக்கொள்வேன். அகராதி கைவிட்ட இடத்தில் கடிதத்தின் முடிவைப் பார்ப்பேன். ஆளை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தால் சொல்லுக்கு மோசமான அர்த்தம். அப்படித்தான் அவர் கீழ்ப்படியாமைக்கு இன்சபோர்டினேஷன் என்றும், உடனடியாக என்பதற்கு ஃபோர்த்வித் என்றும், மேற்படி என்பதற்கு அஃபோர்செட் என்றும் கற்றார். அவர்கள் ஊரில் பிள்ளைகள் எழுத்தைக் கட்டத்துக்குள் அடைத்துத்தான் பழகுவார்களாம். இவரும் ஒவ்வொரு இங்கிலீஷ் எழுத்தையும் கட்டத்துக்குள் உட்கார வைத்து, ஒரு சொல்லை முப்பது தடவை எழுதினார். நீளமான சொல்லை மெஷினைப் போலத் துண்டு துண்டாகக் கழற்றி, ஒவ்வொரு துண்டின் தலையிலும் ஒரு சீன எழுத்தை வைத்துத் திரும்பப் பூட்டினார். ஸ்பெனரைத் திருகும்போதும் வாய் ஓயாது.

“கிளாக்கரய்யா, சீனாக்காரரு டிரையருக்கு மந்திரம் ஓதுறாருங்க” என்றான் அடுப்புக்கு விறகு போடுகிறவன். “மெஷினு வேலை செய்யாட்டி நீங்கதான் பொறுப்பு.”

பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது, குடும்பத்தைப் பற்றி எழுதிப் பாருங்கள் என்றேன். ஒரு பக்கம் எழுதித் தந்தார். ஒரு பிழை கூட என் கண்ணில் படவில்லை. பெருமை தாங்காமல் வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவிக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன்.

“எனது மேற்படி மகள் தொடர்பாகத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருவது: அவள் இரண்டு வருடங்களாக என் முன் சமூகமளிக்கவில்லை. இதற்குத் திருப்திகரமான விளக்கம் எதுவும் கிடைக்கவில்லை. உடனடியாக நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.”

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சட்டென்று நிறுத்தினாள்.

“ஏங்க, அந்தக் கோப்புல ஆசையா எழுதுன கடுதாசி ஒண்ணாச்சும் இருக்கா?”

“எஸ்டேட் ஆபீசுல அதெல்லாம் எதுக்கு?”

“அப்ப அந்த மனுசன் புள்ளைக்கு வார்னிங் லெட்டர் குடுத்துட்டுத் தனியாவே கெடக்க வேண்டியதுதான். நீங்க பண்ணுன வேலை.”

அந்தக் கடைசி வாக்கியம் சோற்றோடு இறங்கவில்லை. மறுநாள் லீவு போட்டு மாத்தளைக்கு பஸ் ஏறினேன். ஆசையான சொற்கள் மொத்தமாகக் கிடைக்கும் இடம் எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான்: புத்தகக் கடையில் வாழ்த்து அட்டைத் தட்டு. ரோஜாப்பூ, இதயம், ஜோடிப் புறா என்று ஒவ்வொன்றாகத் திறந்து, வழுக்கைத் தலை மின்ன நின்றபடியே தாளில் இறக்கினேன்.

கடைக்காரர் அரை மணி நேரம் பொறுத்தார். “என்ன மாஸ்டர், வீட்டுக்கா, வெளியவா?”

“சும்மா... பொதுவா பாக்குறேங்க.”

அவர் புறாத் தட்டைக் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். அதற்குள் நாற்பது சொல் சேர்ந்திருந்தது.

திரும்பும் வழியில் இராணுவச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். ஆமிக்காரர் என் சட்டைப் பையிலிருந்து தாளை உருவினார். இங்கிலீஷ் சொற்கள், பக்கத்தில் தமிழ், எல்லாவற்றுக்கும் இலக்கம். இரகசியக் குறியீடு இப்படித்தான் இருக்கும் என்று எனக்கே தோன்றியது. அடையாள அட்டையை எடுக்கப் போன கை பஸ் டிக்கெட்டை நீட்டியது. அவர் எழுத்துக் கூட்டி உரக்க வாசித்தார்: “மை... டார்லிங்.”

வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது.

“காட்டத மே?” யாருக்கு இது என்று சிங்களத்தில் கேட்டார்.

பயத்தில் பொய் வராது எனக்கு. “சீன மஹத்தயாட்ட” என்றேன். சீன ஐயாவுக்கு.

என் தலையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், கூட்டாளியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர்கள் சிரித்ததும் பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன், பல் தந்தியடித்தது வெளியே தெரியாமலிருக்க அது உதவியது.

அன்று பின்னேரமே தாளைச் சீனக்காரரிடம் கொடுத்து, எனக்கு இங்கிலீஷ் தெரியாது, உங்களைக் கெடுத்தது நான்தான் என்று உடைத்துச் சொன்னேன். பாடத்துக்கு முன்னால் நான் அகராதி புரட்டும் சத்தம் ஆபீசுக்கும் ஃபெக்டரிக்கும் நடுவிலிருந்த பலகைச் சுவர் வழியாகக் கேட்கும், ஆரம்பத்திலிருந்தே தெரியும் என்றார். பிறகு கொப்பியில் புதுப் பக்கத்தைத் திருப்பிக் கட்டம் போட்டார். எனக்கும் ஒரு தாளில் கட்டம் போட்டு நீட்டினார். மிச்சமிருந்த நாளெல்லாம் இருவரும் முப்பது முப்பது தடவை எழுதினோம். ஏக்கத்துக்கு யேர்னிங். அன்புக்குரியவளுக்குப் பிலவட். ஃபெக்டரி எங்களைப் பார்த்துச் சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டோம்.

அவர் பாஸாகிவிட்டார். நூலிழையில்தான். பெண்டாட்டி பிள்ளை வந்து இறங்கியபோது டிரையர் வேலையில் இரண்டு வாரம் மிச்சமிருந்தது. அவர்களைத் தோட்டத்தில் தங்க வைக்க அனுமதி கேட்டுத் துரைக்கு அவரே கடிதம் எழுதினார். ஆரம்பமும் முடிவும் அச்சு அசல் என் கோப்பு. நடுவில் மட்டும் ‘மேற்படி அன்புக்குரிய மகள்’ என்று இருந்தது.

துரை இரண்டு தடவை வாசித்தார். “கிளாக்கர், இது ஒன் வேலதானே?”

“ஆமாங்க தொரை.” இந்த முறை முழங்கால்களும் ஒத்துக்கொண்டன.

அனுமதி கிடைத்தது. கடிதத்தை அன்றைக்கே கோப்பில் சேர்த்தேன். என் மனைவி கேட்ட ஆசையான கடிதம் ஒன்று இப்போது அதில் இருக்கிறது. பின்னால் வரும் கிளாக்கர் அதையும் கொப்பி அடிப்பான். என்றைக்காவது ஒரு நாள் அவசரத்தில் மேற்படி அன்புக்குரிய துரை என்று எழுதி மாட்டிக்கொள்ளட்டும்.